யாரிடம் சண்டை?

அன்புள்ள ஆறடித் தொட்டிக்காரர்களுக்கு,

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கம் வண்டியை நிறுத்த இடம் தேடிச் சுற்றுவீர்கள். கடைக்குள் நுழைந்ததும் கோல்டு ஃபிஷ், கப்பி வரிசைகளைத் திரும்பியும் பாராமல் நேராகப் பின்பக்கம், நீல விளக்கு எரியும் கடல்மீன் மூலைக்குப் போவீர்கள். அங்கே நின்று செல்பேசியில், எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்று கட்டம் போட்ட அட்டவணையைப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். பச்சைக் கட்டம் சேரும், மஞ்சள் கட்டம் பார்த்துச் சேர்க்கணும், சிவப்பு சேராது. போன மாதம் உங்களில் ஒருவர் ஒரு ட்ரிகர் மீனைக் காட்டி, "தம்பி, இது அக்ரெஸிவா?" என்று கேட்டார். கடைப் பையன் யோசிக்கவே இல்லை. "செமி அக்ரெஸிவ்தான் சார், எல்லாத்தோடயும் செட் ஆயிடும்" என்றான்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அடுத்தவர் வியாபாரத்தில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவர் கேட்ட கேள்வியில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. "இது சண்டைக்கார மீனா?" என்று கேட்டால் கடையில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடலாம். "யாரிடம் சண்டைக்காரன்?" என்று கேட்டிருந்தால் பையன் கொஞ்சம் தலையைச் சொறிந்திருப்பான். பாதி முரடு என்று ஒரு மீன் கிடையாது. ஒன்றிடம் முழு முரடாகவும் இன்னொன்றைக் கண்டுகொள்ளாமலும் இருக்கிற மீன்கள்தான் உண்டு.

இதைப் பற்றி விரிவாக எழுதியவர் ஒரு வாத்துக்காரர். ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ். குஞ்சுகள் வரிசையாகத் தன் பின்னால் நடந்துவரும் புகைப்படத்தால் உலகத்துக்குத் தெரிந்தவர், 1973இல் நோபல் பரிசு பெற்றவர். விலங்குகளின் சண்டைக் குணத்தைப் பற்றி 1963இல் அவர் எழுதிய புத்தகம் வாத்திலிருந்து தொடங்கவில்லை, பவளப்பாறை மீன்களிலிருந்து தொடங்குகிறது. ஃப்ளோரிடா கடலில் முக்குளித்தும், தொட்டியில் வளர்த்தும் பார்த்து அவர் கண்டது இது: கண்ணைப் பறிக்கிற நிறமுள்ள மீன்கள் தங்கள் இனத்து மீனைத்தான் விரட்டி விரட்டி அடிக்கின்றன. வேற்றினம் பக்கத்தில் மேய்ந்தால் பேசாமல் இருக்கின்றன. அந்த நிறம் சுவரொட்டி மாதிரி, "இந்த இடம் எனக்கு" என்று தன் இனத்தானுக்குச் சொல்வது என்றார். அதே சாப்பாடு, அதே பொந்து தேடி வருகிறவன் தன் இனத்தான்தானே.

பின்னால் வந்தவர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. சில டாம்செல் மீன்கள் பாறையில் பாசித் தோட்டம் வைத்துக் காவல் காக்கின்றன. தோட்டத்துப் பக்கம் பாசி தின்கிற மீன் எந்த இனமாக இருந்தாலும், தன்னைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தாலும், பாய்ந்து கடிக்கின்றன. பாசி தின்னாத மீன் வந்தால் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஆகச் சண்டை சாப்பாட்டிலிருந்தும் இடத்திலிருந்தும் வருகிறது. எதிரில் நிற்பவன் பங்குக்கு வருகிறவனா என்று மீன் பார்க்கிறது. நாமும் கடையில் நின்று அதைத்தான் பார்க்க வேண்டும்.

டாம்செல் என்றதும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நாலடித் தொட்டி இருந்தது. புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கிற மலிவான மீன் என்று மூன்று டாமினோ டாம்செல் விற்றார்கள். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, பக்கத்துக்கு ஒரு பொட்டு, மற்றபடி கன்னங்கரேல். கட்டைவிரல் நகம் அளவுதான். மீனை விட்டுத் தொட்டியைப் பழக்குவது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது மீனே இல்லாமல், கொஞ்சம் அம்மோனியா ஊற்றியோ ஒரு றாலைப் போட்டு அழுக விட்டோ அதைச் செய்துவிடலாம்.

ஆறு மாதத்தில் மூன்று ஒன்றாகியது. எஞ்சிய அந்த ஒன்று நடுப்பாறைக்கு அடியில் மணலை வாயால் அள்ளிப் பள்ளம் பறித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் விட்ட ஒவ்வொரு மீனும் மூன்றாம் நாள் மேல் மூலையில், குழாய்க்குப் பின்னால், கிழிந்த வாலோடு நின்றது. டாம்செல்லைப் பிடித்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை மாலை வலையை எடுத்தேன். இரண்டு வலை, ஒரு தூண்டில் முள், பாட்டிலில் செய்த ஒரு பொறி, எதற்கும் மசியவில்லை. ஒவ்வொரு பாறையாக வெளியே எடுத்தேன். தண்ணீரை வாளி வாளியாக இறைத்தேன். ஹால் முழுக்க வாளி, குடம், குளியலறை டப், மருமகள் ஊறுகாய்க்கு வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம் உட்பட. கணுக்கால் ஆழம் தண்ணீர் மிச்சமிருக்கும்போது, இரவு பதினொன்றரைக்கு, அகப்பட்டது. வலையில் கிடந்தபடி டக் டக் என்று சத்தம் போட்டது. அந்த மீன் சத்தம் போடும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். எலுமிச்சம்பழம் பருமன்கூட இல்லை.

அட்டவணையில் அந்த மீனுக்கு நேரே "செமி அக்ரெஸிவ்" என்றுதான் போட்டிருக்கும். இரண்டடி நீளத்துக்கு வளரக்கூடிய களவா மீனுக்கு நேரேயும் அதே சொல்தான் இருக்கும்.

ஆகவே சொல்லை விட்டுவிட்டு மீனைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது வாயை. லயன்ஃபிஷ்ஷுக்கு யாரிடமும் பகை கிடையாது. யாரையும் விரட்டாது, யார் துடுப்பையும் கடிக்காது, அதன்பாட்டுக்குப் பாறையோரம் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். அப்புறம் ஒருநாள் காலையில் எண்ணினால் ஒரு மீன் குறையும். வாய்க்குள் போகிற எதுவும் அதற்கு இரை. அது சண்டை இல்லை, சாப்பாடு. இதே கணக்குதான் களவாவுக்கும். பாந்தர் குரூப்பர் என்று விரல் நீளத்தில், வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்து விற்கிற குட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அது 70 சென்டிமீட்டர் வரை வளர்கிற மீன். பெரிய உணவகங்களில் உயிரோடு தொட்டியில் வைத்து ஆவியில் வேகவைத்துப் பரிமாறுவதற்காக ஆசியாவில் வளர்க்கப்படுகிற மீன். உங்கள் ஆறடி அதற்குக் குளியல் தொட்டி. வாங்கும்போது உள்ள அளவைப் பார்க்காமல், வளர்ந்த பிறகு எந்த மீன் எந்த மீனின் வாய்க்குள் போகும் என்று பாருங்கள். லயன்ஃபிஷ் முதுகு முள்ளில் விஷமும் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், கையை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். சூட்டில் அந்த விஷம் வீரியமிழக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் தொட்டிக்குள் கைவிடுவார்கள் என்றால் அந்த ஆசையை அப்படியே விட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள். நெமோ. கோமாளி மீனை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சு கடலில் பிடித்த மீனைவிடச் சுலபமாக வளரும். ஆனால் இந்த மடலில் பேசுகிற தொட்டிக்கு அது வேண்டாம். ஒரு இரண்டடித் தொட்டியில் தனியாக வைத்துக்கொடுங்கள்.

வாய்க்கு அடுத்தபடி உடம்பின் வடிவம். டேங் மீன்கள் இதற்கு நல்ல பாடம். தட்டு மாதிரி உடம்பு, வாலடியில் இரண்டு பக்கமும் ஒரு முள், பேனாக்கத்தி போல மடங்கிக் கிடக்கும். சண்டையில் பக்கவாட்டில் வந்து வாலை வீசினால் எதிராளியின் உடம்பில் கத்தி வைத்தது போல ஒரு கீறல். வெள்ளைக்காரர்கள் சர்ஜன் மீன் என்று பெயர் வைத்தது இதனால்தான். பவுடர் ப்ளூ டேங் நம் பக்கத்து மீன், இலங்கைக் கடலிலும் மாலத்தீவிலும் உண்டு. வானநீல உடம்பு, கறுப்பு முகம், மஞ்சள் முதுகுத்துடுப்பு. அழகில் அதற்கு நிகரில்லை, குணத்திலும் நிகரில்லை. தன்னைப் போலத் தட்டையாக, பாசி மேய்கிறதாக எது வந்தாலும் அது பங்காளி. அதே தொட்டியில் பக்கத்தில் நீளமான ராஸ் மீன் நீந்தினால் திரும்பிக்கூடப் பார்க்காது.

இரண்டு டேங் வைத்தே தீருவேன் என்கிறவர்களிடம் நான் சொல்வது: வேறு வேறு பேரினத்தில், வேறு வேறு வடிவத்தில் எடுங்கள். பாய்மரம் மாதிரி உயர்ந்த துடுப்புள்ள செயில்ஃபின் ஒன்றும், பவுடர் ப்ளூ ஒன்றும் என்றால் ஓரளவு ஒத்துப்போகலாம். இரண்டையும் ஒரே நாளில் விடுங்கள். ஆறு மாதம் குடியிருந்த டேங்குக்கு முன்னால் இன்னொரு டேங்கை விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. அந்த வம்பு எனக்கு ஒரு தடவை வந்தது. அப்போது ஒரு வித்தை கைகொடுத்தது. கையகல முகம்பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியின் இடப்பக்கச் சுவரில் வெளியிலிருந்து ஒட்டவைத்தேன். பழைய டேங் அதில் தன்னையே பார்த்துவிட்டது. நிறம் கறுத்து, துடுப்பை விறைத்து, கண்ணாடியோடு வால் வீசிச் சண்டை. மூன்று நாள் அதே வேலை. சாப்பிட மட்டும் வரும், உடனே திரும்பிப் போய் அந்த நீலப்பயலை முறைக்கும். அதற்குள் புதியவன் வலப்பக்கம் ஒரு பொந்து பார்த்துக்கொண்டு, பாசித்தாள் தின்னப் பழகிவிட்டான். நாலாம் நாள் கண்ணாடியை எடுத்தேன். கொஞ்சம் துரத்தல் இருந்தது, கீறல் விழவில்லை.

ட்ரிகர் மீனுக்கு வருகிறேன். இந்தத் தொட்டியே அதற்காகத்தானே வைக்கிறீர்கள். நம் கடற்கரையில் கிளாத்தி என்பார்கள். உரித்தால்தான் சமைக்க முடியும், தோல் அவ்வளவு தடிப்பு. முதுகில் முதல் முள்ளை நிமிர்த்தினால் இரண்டாவது முள் கொண்டிபோல அதைப் பூட்டிவிடும். இரவில் பாறை இடுக்கில் நுழைந்து முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு தூங்கும். பெரிய மீன் வந்து இழுத்தாலும் வராது. இரண்டாவது முள்ளை அழுத்தினால் முதல் முள் மடங்கும். துப்பாக்கி விசை மாதிரி என்று சொல்லித்தான் இந்தப் பெயர். பிகாசோ ட்ரிகரின் உறவுக்கார மீன் ஒன்று ஹவாய் மாநிலத்தின் அடையாள மீன். அங்கே அதற்குப் பெயர் ஹுமுஹுமுநுக்குநுக்குஆபுஆ. மீனைவிடப் பெயர் நீளம்.

கிளாத்திகளில் எல்லாம் ஒன்றல்ல. கடலில் நடுத்தண்ணீரில் நின்று மிதவை உயிர்களைத் தின்கிற வகைகள் சாது. நீலத்தாடை ட்ரிகர், சிவப்புப் பல் உள்ள நைஜர் ட்ரிகர் இந்த வகை. அவற்றுக்குக் காவல் காக்கத் தரையில் சொத்து கிடையாது. பாறையில் நண்டையும் முள்ளெலி போலிருக்கும் கடல் முள்ளியையும் உடைத்துத் தின்கிற வகைகளுக்குச் சொத்து உண்டு, அதனால் கோபமும் உண்டு. பிகாசோ நடுத்தரம். கோமாளி ட்ரிகர், வயிற்றில் பெரிய வெள்ளை வட்டங்களோடு கண்ணாடியருகே வந்து உங்களையே பார்க்குமே, அது குட்டியில் செல்லப்பிள்ளை. அரை மீட்டர் வளர்ந்தபின் ஒருநாள் எல்லோரையும் தீர்த்துவிடலாம். ஆரஞ்சுக் கோடு போட்ட அண்டுலேட் ட்ரிகரைக் கடையில் பார்த்தால் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது தனிக்குடித்தனத்துக்கு மட்டும். எந்தக் கிளாத்தியை வைத்தாலும் நத்தை, றால், நண்டு வைக்க முடியாது. ஹீட்டர் வயரையும் கடித்துப் பார்க்கும். என் வீட்டில் ஒன்று பாறைத் துண்டைத் தூக்கிக் கண்ணாடியில் போட்டு "டொக்" என்று சத்தம் எழுப்பும், சாப்பாட்டு நேரம் பத்து நிமிஷம் தள்ளிப்போனால்.

லயன்ஃபிஷ்ஷையும் கிளாத்தியையும் ஒரே தொட்டியில் வைக்கலாம் என்று பல அட்டவணைகள் சொல்கின்றன. இரண்டும் பெரிசு, இரண்டும் இறைச்சி தின்பவை, ஆகச் சேரும் என்று கணக்கு. தொங்கிக்கொண்டிருக்கிற அந்த விசிறித் துடுப்புகளைக் கிளாத்தி நூல் நூலாகப் பிய்த்துவிடும். பேத்தையும் அப்படியே. நாய்முகப் பேத்தை, முள்ளுப்பேத்தை இரண்டும் உங்களை அடையாளம் தெரிந்துகொண்டு வாலை ஆட்டும், நான் மறுக்கவில்லை. நீளத் துடுப்பு அவற்றுக்கு நொறுக்குத்தீனி. பேத்தையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவும் கூடாது. காற்றை உறிஞ்சி உப்பிவிட்டால் அதை வெளியேற்றத் திணறும். வாளியோடு மொண்டு எடுங்கள்.

ஏஞ்சல் மீன்களில் ஒரு விசித்திரம் உண்டு, லோரன்ஸின் சுவரொட்டிக் கணக்குக்குப் பொருந்தும். எம்பெரர் ஏஞ்சலின் குட்டி கருநீலத்தில் வெள்ளை வளையம் வளையமாக, குளத்தில் கல் விழுந்த மாதிரி இருக்கும். பெரிய மீன் மஞ்சளும் நீலமுமாகச் சாய்கோடு. ஒரே மீன்தான் என்று சொன்னால் முதன்முதல் பார்க்கிறவர் நம்ப மாட்டார். குட்டி வேறு உடை போட்டிருப்பதால் பெரிய மீன் அதைப் போட்டியாளனாக எண்ணி அடிப்பதில்லை என்று ஒரு விளக்கம். உடை மாறின அன்றைக்குச் சலுகை முடியும். இந்த வகைப் பெரிய ஏஞ்சல் ஆறடித் தொட்டிக்கு ஒன்று, ஒன்றே ஒன்று. எம்பெரர் 40 சென்டிமீட்டர் வளரும் என்பதையும் மனசில் வையுங்கள். எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்னதான, நம் கிழக்குக் கடற்கரையிலும் இலங்கையிலும் இருக்கிற புகைநிற ஏஞ்சல். சாம்பல் உடம்பு, கறுப்புத் துடுப்பு, மஞ்சள் வால். பகட்டு இல்லை, ஒரு சாண் அளவில் நின்றுவிடும்.

சண்டைத் தொட்டியில் சாதுக்களும் வேண்டும், தன்மானமுள்ள சாதுக்களாக. ஒரா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உடம்பும் நரிமுகமுமாக ஃபாக்ஸ்ஃபேஸ் என்று விற்பார்கள். அது யாரையும் அடிக்காது. முதுகில் விஷமுள் இருப்பதால் அதையும் பெரும்பாலும் யாரும் அடிக்க மாட்டார்கள். பயந்தால் உடம்பெல்லாம் பழுப்புத் திட்டு போட்டுக்கொண்டு செத்ததுபோல நிற்கும், பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது நான் துக்கம் விசாரிக்கிற மனநிலைக்குப் போய்விட்டேன்.

அப்புறம், பாம்பு போல நீண்ட அஞ்சாலை. அஞ்சாலை என்றதும் கோரைப்பல் ஞாபகம் வரும். ஸ்னோஃப்ளேக் வகையின் பல் மழுங்கலாக, கூழாங்கல் மாதிரி இருக்கும். நண்டை நொறுக்கப் படைத்தது. பெரிய மீன்களை அது தொந்தரவு செய்வதில்லை. கண் மங்கல், மூக்கில்தான் வாழ்க்கை. நீள இடுக்கியில் கணவாய்த் துண்டைப் பிடித்து மூக்கருகே காட்ட வேண்டும், விரலில் பிடித்துக் காட்டக் கூடாது. இதில் இருக்கிற ஒரே தலைவலி மூடி. ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என் மனைவி பூஜை அறை வாசலில் விளக்கைப் போட்டுவிட்டுக் கத்தினாள். ஒன்றரை முழ நீளத்துக்கு, தூசியும் தலைமுடியும் ஒட்டிக்கொண்டு, அஞ்சாலை. கழிவு பிரிக்கும் ஸ்கிம்மரின் குழாய்க்காக நான் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளி அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. எடுத்துத் தண்ணீரில் விட்டேன், தூசியை உதறிக்கொண்டு பாறைக்குள் போய்விட்டது. இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் இடுக்கியையே கடித்தது. வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

இப்போது வரிசை. எந்த மீன் என்பதைவிட, எது முதலில் என்பதில்தான் நான் அதிகம் தவறு செய்திருக்கிறேன். சாதுவை முதலில் விடுங்கள். அது ஊரைச் சுற்றிப் பார்த்துத் தூங்குமிடம் பிடித்துக்கொள்ளட்டும். மூன்று நாலு வாரம் கழித்து அடுத்தது. முரடன் கடைசி, அதுவும் குட்டியாக. முரடனை முதலில் விட்டால் ஆறடியும் அவன் பெயருக்குப் பட்டா ஆகிவிடும். பிறகு வருகிறவர்கள் எல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள். புதுமீன் வருகிற அன்று பாறைகளை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய மீன்களுக்கும் எல்லை குழம்பிப்போகும். துளைபோட்ட, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் புதியதை நாலைந்து நாள் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். பழையவை வந்து முட்டும், முறைக்கும், பெட்டியில் இடிக்கும், சலித்துப்போகும். சலித்த பிறகு, விளக்கணைத்த மாலையில் திறந்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் துரத்தல் இருக்கும், அதற்காக அலற வேண்டாம். சாப்பிட வருகிறதா என்பதைப் பாருங்கள். சாப்பிட வராமல் மேல் மூலையிலேயே நிற்கிற மீனை அன்றே எடுத்துவிடுங்கள், "பழகிடும்" என்று சொல்லாதீர்கள். சாப்பாட்டையும் ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

மீனை நெருக்கி நிரப்பினால் யாரும் யாரையும் குறிவைக்க முடியாது, சண்டை வராது என்று ஒரு யோசனை உலாவுகிறது. ஆப்பிரிக்க ஏரி சிக்ளிட் வளர்க்கிறவர்கள் செய்வது அது. அங்கே நடக்கும். கடல்நீரில் நெருக்கினால் கழிவு ஏறும், ஆக்சிஜன் இறங்கும், மீன் பலவீனப்படும், வெள்ளைப்புள்ளி நோய் வரும். அந்த நோயும் சண்டையும் இரட்டைப்பிள்ளைகள். அடிபட்டுப் பயந்த மீனின் மேல்தான் உப்புத் தூவினாற்போல முதல் புள்ளி தெரியும். தோலில் ஒட்டிய கிருமி சில நாளில் உதிர்ந்து மணலில் கூடுகட்டும், அங்கிருந்து வாரக்கணக்கில் கழித்தும் வெளிவரும். அதனால்தான் நோய் வந்த தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் காலியாக விடு என்று பழகியவர்கள் சொல்கிறார்கள். அந்த 76 நாளுக்குப் பதில், வாங்குகிற ஒவ்வொரு மீனையும் முதலில் முப்பது நாள் தனித்தொட்டியில் வைத்துவிடலாம். நூறு லிட்டர், இரண்டு மூன்று துண்டு பிவிசி குழாய், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மணலோ பாறையோ வேண்டாம். தாமிர மருந்து போடுவதானால் இங்கேதான் போட வேண்டும், அதுவும் டேங்குக்கு ஒத்துக்கொள்வது அஞ்சாலைக்கும் பேத்தைக்கும் ஒத்துக்கொள்ளாது.

தண்ணீரைப் பற்றி இரண்டு வரி. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25 டிகிரியை ஒட்டி. சென்னை மே மாதத்தில் சில்லர் இல்லாமல் இது நடக்காது. கடற்கரையிலிருந்து கேனில் தண்ணீர் மொண்டு வருகிறவர்கள் அடையாறு, கூவம் முகத்துவாரங்களிலிருந்து நன்றாகத் தள்ளிப் போங்கள், மழைக்காலத்தில் போகவே போகாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் இரண்டுதான் தொட்டியைக் காப்பாற்றின. சின்ன விலைப் பொருள், இன்றே வாங்கிவையுங்கள். மாடி வீட்டுக்காரர்கள் கவனிக்க: ஆறடி, இரண்டடி, இரண்டடி என்றால் 680 லிட்டர், தண்ணீர் மட்டும் எழுநூறு கிலோ. கண்ணாடி, பாறை, இரும்பு ஸ்டாண்ட் சேர்த்தால் ஒரு டன். பொறியாளரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

பாறை என்றதும் ஒன்று. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் தெரிந்தவர் இருக்கிறார், பவளப்பாறை கொண்டுவந்து தருவார் என்று உங்களில் சிலர் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. கல்பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் அதே பட்டியல்தான். பிடிபட்டால் ஜெயில். பிடிபடாவிட்டாலும், கிளாத்தி தூங்குவதற்கு உயிருள்ள பவளம் எதற்கு? பீங்கான் பாறை, சிமென்ட்டில் வார்த்த பாறை போதும். பொந்து இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. ஒரு மீனுக்கு இரண்டு பொந்து கணக்கில் அடுக்குங்கள்.

"சரி, நீங்களே சொல்லுங்கள், ஆறடிக்கு என்னென்ன?" என்று கேட்பீர்கள். இன்று காலித் தொட்டியோடு தொடங்கினால் நான் விடுவது இது. முதலில் ஒரா. கூடவே பெரிய கண்ணுள்ள சிவப்பு சோல்ஜர் மீன் இரண்டு. பகலெல்லாம் குகைக்குள் இருக்கும், இரவில்தான் வேலைக்குப் போகும், யார் வழிக்கும் வராது. ஒரு மாதம் கழித்து அஞ்சாலை, மூடியைச் சரிபார்த்த பிறகு. அப்புறம் புகைநிற ஏஞ்சல் ஒன்று. ஐந்தாம் மாதம், தனித்தொட்டியில் முப்பது நாள் இருந்து, நான் கொடுக்கும் பாசித்தாளைப் பிடுங்கித் தின்னப் பழகிய பவுடர் ப்ளூ. கடையிலேயே அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்காமல் வாங்க மாட்டேன். கடலில் மயக்க மருந்து போட்டுப் பிடித்த மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், சில வாரத்தில் காரணம் தெரியாமல் போய்விடும். கடைசியில், விரல் நீளத்தில் ஒரு பிகாசோ கிளாத்தி. மொத்தம் ஏழு. தரையில் மேய்கிறது ஒன்று, பாசி மேய்கிறவை இரண்டு, அதில் ஒன்று விஷமுள்ளு, கடற்பஞ்சு கொறிப்பது ஒன்று, பொந்தில் படுப்பது ஒன்று, இரவுக் காவல் இரண்டு. ஒன்றின் தட்டில் இன்னொன்று கைவைப்பது குறைவு. ஒராவுக்கும் டேங்குக்கும் பாசியில் பங்குச் சண்டை வரலாம். வந்தால் பாசித்தாளை இரண்டு கிளிப்பில் மாட்டுவேன்.

இவ்வளவும் செய்தும் ஏதாவது ஒரு மீன் ஒத்துவராமல் போகும். ஒரே இனத்தில் ஒன்று சாதுவாகவும் அடுத்தது ராட்சசனாகவும் இருக்கும். அன்றைக்கு அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று வாங்குகிற அன்றைக்கே யோசித்துவையுங்கள். கடை திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கடலில் மட்டும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். லயன்ஃபிஷ் அதற்குச் சொந்தமில்லாத அட்லாண்டிக் கடலில், ஃப்ளோரிடாவிலிருந்து கரீபியன் வரை, இன்று பெருகிக் கிடப்பதற்கு யாரோ சிலரின் வீட்டுத் தொட்டிகளும் காரணம் என்றுதான் சொல்கிறார்கள்.

எட்டாவதாக ஒரு மீனுக்கு இடமிருக்குமா என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள். மணி எட்டேகால் ஆகிவிட்டது, சாப்பாடு பதினைந்து நிமிஷம் தாமதம். டொக் என்று ஒரு சத்தம் கேட்டாயிற்று, அடுத்த கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து ஒரு தொட்டிக்காரன்